ஊசியின் மேல் போட்ட பழி



தமிழர் வீடுகளில் கோழிக்கறி சமைக்கும் நாளில் தவறாமல் எழும் பேச்சு ஒன்று உண்டு. "இந்தக் காலத்துக் கோழிகள் எல்லாம் ஊசி போட்டு வளர்க்கப்பட்டவை, அதனால்தான் அவற்றால் எழுந்து நிற்கவும் முடிவதில்லை" என்பார் ஒருவர். "தோட்டத்து லயத்தில் நாங்கள் வளர்த்த கம்பத்துக் கோழி என்றைக்காவது நொண்டியதா?" என்று மற்றொருவர் வழிமொழிவார். பெரியவர்களின் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே பிள்ளைகள் உண்கிறார்கள். மறுநாள் அது பள்ளிக்கு வந்துவிடுகிறது.

என் வகுப்பிற்கும் வந்தது. ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தந்தை பொந்தியான் வட்டாரத்தில் உள்ள கோழிப்பண்ணை ஒன்றில் வேலை செய்கிறார். "உன் அப்பாதானே கோழிக்கு ஊசி போட்டு நொண்ட வைக்கிறார்?" என்று உடன் பயிலும் சிலர் அவளைக் கேலி செய்திருக்கிறார்கள். அவள் அழவும் இல்லை, என்னிடம் முறையிடவும் இல்லை. அடுத்த அறிவியல் பாடத்தில் எழுந்து நின்று, "பாட்டி வீட்டுக் கோழியும் கோழிதான், பண்ணைக் கோழியும் கோழிதான். ஒன்று ஓடுகிறது; இன்னொன்று ஏன் உட்கார்ந்துவிடுகிறது, டீச்சர்?" என்று கேட்டாள்.

கேலி செய்தவர்களைக் கண்டித்து அமர்த்துவது எளிது. ஆனால் அவள் கேட்டது நல்ல கேள்வி. அதற்கு நல்ல விடையும் உண்டு. அந்த விடையை ஆசிரியர்களும் பெற்றோர்களும் அறிந்திருந்தால் இத்தகைய கேலிக்கே இடமிராது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் காலைப் பார்ப்போம். கோழியின் காலில் பின்புறமாக மடங்குவது போல் தெரியும் மூட்டை நாம் முழங்கால் என்று எண்ணுகிறோம். உண்மையில் அது கணுக்கால். முழங்கால் இன்னும் மேலே, இறகுக்குள் மறைந்திருக்கிறது. ஆக, கோழி எப்போதும் விரல்களை ஊன்றியே நடக்கிறது. உடலின் எடை முழுவதையும் அந்தக் கணுக்கால் மூட்டும், அதன் பின்னால் கயிறு போல ஓடும் தசைநாண்களுமே தாங்குகின்றன. நோய் தாக்கும் இடமும் பெரும்பாலும் இதுதான்.

தாக்குவோரில் முதன்மையானது ரியோ என்னும் நச்சுயிரி. இப்பெயரை 1959-இல் சூட்டியவர் ஆல்பர்ட் சாபின். இளம்பிள்ளை வாதத்திற்கு வாய்வழிச் சொட்டுமருந்து தந்த அதே அறிஞர். மூச்சுப் பாதையிலும் குடலிலும் காணப்பட்டபோதும் எந்த நோய்க்கும் உரியது என்று அன்று அறியப்படாததால், 'அநாதை' என்னும் பொருள்படும் சொல்லையும் அப்பெயரின் சுருக்கத்துக்குள் அடக்கி வைத்தார். கோழிகளைப் பொறுத்தவரை அது அநாதை அன்று என்பது பின்னர் தெளிவாகியது. எச்சத்தின் வழியாகவும் சில வேளைகளில் முட்டையின் வழியாகவும் அது குஞ்சுகளை அடைகிறது, குடலில் பெருகுகிறது, பின்னர்க் கணுக்கால் மூட்டையும் தசைநாண்களையும் சென்றடைந்து அங்கே தங்கிவிடுகிறது. மூட்டுக்கு மேற்பகுதி வீங்குகிறது. கோழி நொண்டுகிறது. கடுமையானால் தசைநாண் அறுந்தே போகிறது.

மாணவியின் கேள்விக்கு விடை இங்கேதான் தொடங்குகிறது. இந்த நச்சுயிரி எல்லாக் கோழிகளுக்கும் தொற்றக்கூடியது. நலமாகத் திரியும் கோழிகளின் குடலிலும் அதனைக் கண்டிருக்கிறார்கள். ஆனால் நோயாக வெளிப்படுவது பெரும்பாலும் இறைச்சிக்காக வளர்க்கப்படும் கனமான இனங்களில்தான். 1980-களில் இங்கிலாந்தில் வெவ்வேறு இனக் குஞ்சுகளுக்கு ஒரே நச்சுயிரியைக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இறைச்சி இனத்தின் தசைநாண்கள் பட்ட பாட்டை, முட்டைக்கென வளர்க்கப்படும் மெலிந்த இனங்களின் தசைநாண்கள் படவில்லை. பகைவன் ஒருவனே, கோட்டைதான் வேறு வேறு.

அந்தக் கோட்டையைக் கட்டியவர்கள் யார்? ஊசி போடும் பண்ணைத் தொழிலாளிகள் அல்லர். அது முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே தொடங்கிய வேலை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் 'நாளைய கோழி' என்று ஒரு போட்டி நடத்தினார்கள். அகன்ற மார்பும், விரைந்த வளர்ச்சியும், குறைந்த தீவனச் செலவும் கொண்ட கோழியை உருவாக்குவோருக்குப் பரிசு. 1948-இல் நடந்த இறுதிச் சுற்றில் கலிபோர்னியாவைச் சேர்ந்த சார்லஸ் வான்டிரஸ் வென்றார். அவர் கலந்தவை கார்னிஷ் இனமும் நியூ ஹாம்ப்ஷயர் இனமும். இன்றைய இறைச்சிக் கோழியின் தந்தை வழியில் கார்னிஷ் இனமே முதன்மையானது.

இந்தக் கார்னிஷ் எங்கிருந்து வந்தது தெரியுமா? பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், இந்தியாவிலிருந்து கொண்டு செல்லப்பட்ட அசில் சண்டைச் சேவல்களை அந்நாட்டுச் சேவல்களோடு கலந்து உருவாக்கியது அது. 'இந்தியச் சண்டைக்கோழி' என்பதே அதன் பழைய பெயர். சேவற்கட்டுக்கு வலிமையான காலும் அகன்ற மார்பும் வேண்டும் என்று நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்த இனம் அசில். அதன் மார்பை எடுத்துக்கொண்ட உலகம், காலை மறந்துவிட்டது. முருகன் கொடியில் நிமிர்ந்து நிற்கும் சேவலின் தூரத்து உறவினர்தாம் கொட்டகையில் எழ முடியாமல் அமர்ந்திருப்பவை என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

'ஊசி இல்லாமல் இவ்வளவு வேகமாக வளருமா?' என்று கேட்போருக்கு ஓர் ஆய்வைக் காட்டலாம். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957-ஆம் ஆண்டு இனத்தையும், 1978-ஆம் ஆண்டு இனத்தையும் கலப்பின்றிப் பாதுகாத்து வந்தார்கள். அவற்றோடு 2005-ஆம் ஆண்டின் வணிக இனத்தையும் சேர்த்து, ஒரே தீவனம் கொடுத்து, ஒரே சூழலில் வளர்த்தார்கள். முடிவுகள் 2014-இல் வெளிவந்தன. பொரித்த அன்று எடை முறையே 34, 42, 44 கிராம். 28-ஆம் நாள் 316, 632, 1,396 கிராம். 56-ஆம் நாள் 905, 1,808, 4,202 கிராம்.

இந்த ஒன்பது எண்களையும் வெண்பலகையில் எழுதி, மாணவர்களைக் கோட்டுக்குறிவரைவு வரையச் சொன்னேன். மூன்று கோடுகளும் ஏறக்குறைய ஒரே புள்ளியில் தொடங்குகின்றன. பிறகு ஒன்றை ஒன்று விட்டு விலகி வானுக்கு ஏறுகின்றன. "ஒரே தீவனம் என்றால் வேறுபாடு எங்கிருந்து வந்தது?" என்று கேட்டேன். "குஞ்சுக்குள்ளேயே இருந்து வந்தது" என்றான் ஒரு மாணவன். மரபுவழிப் பண்பு என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எந்தப் பயிற்றுநூலிலும் நான் கண்டதில்லை.

வளர்ச்சி இயக்குநீர் ஊசி என்னும் கதை தர்க்கத்திற்கும் நிற்காது. அது புரதம், தீவனத்தில் கலந்தால் செரித்துப் போய்விடும். ஊசியாகப் போடுவதென்றால் பல்லாயிரம் கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து மீண்டும் மீண்டும் போட வேண்டும். கிலோ பத்து ரிங்கிட் அளவில் விற்கும் பொருளுக்கு யார் அப்படிச் செலவழிப்பார்? இறைச்சியில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளின் எச்சம் பற்றிய கவலை வேறு, அது நியாயமானது. கோலிஸ்டின் என்னும் மருந்தைக் கால்நடைகளுக்குக் கொடுக்க 2019 முதல் மலேசியா தடை விதித்ததும் அந்த வகைக் கவலையால்தான். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது.

ஆனால் பண்ணைத் தொழிலில் ஊசி உண்டு. அது தடுப்பூசி. ரியோ நச்சுயிரிக்கு எதிரான தடுப்பூசியை முதன்மையாகத் தாய்க்கோழிகளுக்குப் போடுகிறார்கள். தாயின் உடலில் உருவாகும் எதிர்ப்பொருள்கள் முட்டையின் மஞ்சள் கரு வழியாகக் குஞ்சைச் சென்றடைகின்றன. பொரித்த முதல் நாட்களில்தான் குஞ்சு இந்த நோய்க்கு மிக எளிதில் ஆளாகும். வளர வளர எதிர்க்கும் திறன் கூடும். ஆபத்தான அந்தச் சில நாட்களைத் தாய் தந்த காப்பு கடக்கச் செய்கிறது. கோழியை நொண்ட வைப்பதாக நாம் பழித்த ஊசி, அது நொண்டாதிருக்கப் போடப்படும் ஊசி. 2010-களில் அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் நச்சுயிரியின் புதிய திரிபுகள் தோன்றி, பழைய தடுப்பூசிக்கு அடங்காமல் நொண்டல் மீண்டும் பரவியபோது, அந்தக் காப்பின் அருமை பண்ணைகளுக்கு நன்கு புரிந்தது.

இதனை வகுப்பில் விளக்கியபோது, கேலி செய்தவர்களில் ஒருவன், "அப்படியானால் அவள் அப்பா கோழி நர்ஸா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

ரியோ தொற்று இல்லாமலும் கால் கெடுவதுண்டு. அமெரிக்காவின் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் இராபர்ட் வைட்மனும் அவர் குழுவினரும் இதனை விரிவாக ஆராய்ந்தார்கள். விரைந்து வளரும் கோழியின் தொடை எலும்பின் தலையிலும் கீழ்க்கால் எலும்பின் மேல்முனையிலும் உள்ள குருத்தெலும்பு, முதிர்வதற்குள் சுமையை ஏற்க நேர்கிறது. அதில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் தோன்றுகின்றன. இரத்தத்தில் அலையும் பாக்டீரியாக்கள் அந்த விரிசலில் குடியேறி எலும்பை அரிக்கின்றன. அவற்றுள் ஒன்றான ஸ்டெபிலோகாக்கசின் ஒரு கிளை, மனிதரிடமிருந்தே கோழிகளுக்குத் தாவியது என்று எடின்பரோ ஆய்வாளர்கள் 2009-இல் மரபணுச் சான்றுடன் காட்டினார்கள். எலும்பு முதிரும் முன் எடையைக் கொடுத்ததும் மனிதர். விரிசலில் குடியேறும் கிருமியைக் கொடுத்ததும் மனிதர்.

எடை மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. மார்புத் தசை பெருத்ததால் உடலின் ஈர்ப்பு மையம் முன்னோக்கி நகர்ந்துவிட்டது. அதனால் கால்களை அகட்டி, மெல்ல நடக்க வேண்டியிருக்கிறது. இதே இனக் குஞ்சுகளுக்குத் தீவனத்தைக் கட்டுப்படுத்தி வளர்ச்சியைத் தாமதப்படுத்தினால் நடை மேம்படுவதையும் கண்டிருக்கிறார்கள். பிறவியும் வளர்ப்பும் சேர்ந்தே நோயை முடிவு செய்கின்றன.

எத்தனை கோழிகள் இப்படித் துன்புறுகின்றன? பிரிட்டனில் 51,000 கோழிகளின் நடையை மதிப்பிட்ட ஆய்வு 2008-இல் வெளிவந்தது. சராசரி 40 நாள் வயதில், 27.6 விழுக்காட்டுக் கோழிகளின் நடை மோசமாக இருந்தது, 3.3 விழுக்காடு ஏறக்குறைய நடக்கவே முடியாத நிலையில் இருந்தன.

"கோழிக்கு வலிக்குமா, டீச்சர்?" என்ற கேள்வியும் அன்று வந்தது. வாய் பேசாத உயிரிடம் எப்படிக் கேட்பது? பிரிஸ்டல் ஆய்வாளர்கள் கேட்டுப் பார்த்தார்கள். இரு வேறு நிறத் தீவனங்களை வைத்தார்கள். ஒன்றில் வலிநிவாரணி கலந்திருந்தது. நலமான கோழிகளைவிட நொண்டும் கோழிகள் மருந்து கலந்த தீவனத்தை அதிகம் உண்டன. நொண்டல் கடுமையாகக் கடுமையாக, அந்தத் தீவனத்தின் பங்கும் கூடியது. மருந்து உண்டவற்றின் நடையும் தேறியது. 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த அந்த ஆய்வை நான் விளக்கி முடித்தபோது வகுப்பு அமைதியானது. ஊசிக் கதையை நான் எதிர்ப்பதற்கு மெய்யான காரணமும் இதுதான். பழியை ஊசியின் மேல் போட்டுவிட்டால், இந்த வலியைப் பற்றி நாம் எண்ண வேண்டியதே இல்லை. மெய்க்காரணத்தை அறிந்தால், கோழியை உண்ணும் நாமும் அதற்குப் பொறுப்பாளிகள் என்று ஆகிவிடுகிறது.

கம்பத்துக் கோழிக்கு நோயே வராது என்பதும் பிழை. அதற்கும் ரியோ தொற்றும். வெள்ளைக் கழிச்சல் வந்தால் ஒரு வாரத்தில் முற்றமே வெறிச்சோடிவிடும். மெல்ல வளர்வதாலும், நாள் முழுதும் நடந்து கிளறித் தின்பதாலும், அதன் எலும்பும் தசைநாணும் சுமைக்கு முன்பே முதிர்ந்துவிடுகின்றன. அவ்வளவுதான். நம் ஜொகூர்ச் செம்பனைத் தோட்டங்களில் விடியற்காலையில் காட்டுக்கோழி கூவுவதைக் கேட்டிருப்பீர்கள். உலகத்து வீட்டுக்கோழிகளுக்கெல்லாம் மூதாதை அந்தச் செந்நிறக் காட்டுக்கோழியே. முழுதாய் வளர்ந்த சேவலும் ஒரு கிலோ அளவுதான் இருக்கும். அந்தக் கால்கள் அந்த எடைக்கென்று அமைந்தவை.

முட்டைக் கோழிக்கு வேறு துன்பம். ஒரு முட்டை ஓட்டிற்கு ஏறத்தாழ இரண்டு கிராம் சுண்ணாம்புச்சத்து வேண்டும். ஆண்டுக்கு முந்நூறு முட்டை இடும் கோழி, தீவனத்தில் கிடைப்பது போதாதபோது தன் எலும்பைக் கரைத்து ஓட்டைக் கட்டுகிறது. அதனால் அதற்கு மார்பெலும்பு முறிகிறது. எதை அளவுக்கு மீறிக் கேட்கிறோமோ அதற்கேற்ற இடத்தில் உடல் உடைகிறது.

இதற்கு மாற்றே இல்லையா? இருக்கிறது. மரபால் வந்த பலவீனத்தை மரபாலேயே குறைக்கலாம். கீழ்க்கால் எலும்பின் குருத்தெலும்பு முறையாக முதிராத ஒரு குறைபாட்டைக் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1965-இல் விவரித்தார்கள். அக்குறை மிகுந்த கோழிகளையும் குறைந்த கோழிகளையும் தனித்தனியே இனப்பெருக்கம் செய்தபோது, இரண்டும் இரு வேறு கிளைகளாகப் பிரிந்தன. பிற்காலத்தில் இன உருவாக்க நிறுவனங்கள் எடையோடு கால் நலத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கத் தொடங்கின. கால் குறைபாடுகள் தலைமுறைக்குத் தலைமுறை குறைந்ததும் பதிவாகியிருக்கிறது. நெதர்லாந்தின் பேரங்காடிகள் 2023 வாக்கில் தங்கள் புதுக்கோழி இறைச்சியை மெல்ல வளரும் இனங்களுக்கு மாற்றிக்கொண்டன. நம் நாட்டிலும் மார்டி நிறுவனம் கம்பத்துக் கோழி வகையில் சாகா என்னும் இனத்தை உருவாக்கியிருக்கிறது.

ஆனால் மெல்ல வளர்வது என்றால் கூடுதல் தீவனம், கூடுதல் நாள், கூடுதல் விலை. பொந்தியான் சந்தையில் கம்பத்துக் கோழியின் விலையைக் கேட்டுவிட்டுப் பண்ணைக் கோழிக்குத் திரும்பும் தாய்மார்களை நான் அறிவேன்; நானும் அவர்களுள் ஒருத்தி. 2022-ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். கோழி தட்டுப்பட்டு, ஜூன் முதல் நாளிலிருந்து மாதம் 36 இலட்சம் கோழிகளின் ஏற்றுமதியை அரசாங்கம் நிறுத்தியது. பாலத்திற்கு அப்பால் சிங்கப்பூரில் கோழிச்சோற்றுக் கடைக்காரர்கள் கலங்கினார்கள். இரு வாரத்தில் கம்பத்துக் கோழிக்கும் கருங்கோழிக்கும் மட்டும் தடை தளர்ந்தது. ஏனெனில் அவை எளியவர்களின் அன்றாட உணவு அல்ல. அவ்வாண்டு ஜூலையில் தீபகற்பத்தில் கிலோ 9.40 ரிங்கிட் என்று உச்சவரம்பு விலை வைத்தார்கள். அந்தக் கட்டுப்பாடும் 2023 நவம்பரில் நீங்கியது. விரைந்து வளரும் அந்தக் கோழியால்தான் எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் இறைச்சி கிட்டுகிறது. இதையும் மறைக்காமல் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும்.

ஆகவே பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். உணவு மேசையில் பிள்ளை கேட்டால், "ஊசி போட்ட கோழி" என்று ஒற்றை வரியில் முடித்துவிடாதீர்கள். "சீக்கிரம் பெரிதாக வேண்டும், மலிவாக வேண்டும் என்று நாம் கேட்டோம், அதற்கேற்ற இனத்தை உருவாக்கினார்கள், அதன் கால்களுக்கு அந்த எடை அதிகம்" என்று சொல்லுங்கள். இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. உண்மையும் கெடாது, பண்ணையில் உழைப்பவரின் பிள்ளைக்குத் தலைகுனிவும் நேராது.

ஆசிரிய நண்பர்களே, அந்த ஒன்பது எண்களை உங்கள் வகுப்பிலும் எழுதிப் பாருங்கள். கணிதத்திற்கும் அறிவியலுக்கும் நன்னெறிக்கும் ஒருசேரப் பயன்படும். கோடுகள் விலகத் தொடங்கும் இடத்தில் பிள்ளைகளைச் சற்று நிறுத்தி, 'இந்த எடையைத் தாங்கும் கால் எப்படி இருக்கும்?' என்று கேளுங்கள். மற்றதை அவர்களே சொல்வார்கள்.